உள்ளே குட்டிகள் இருக்கச் சுவர் கட்டியது குறித்து

அனுப்புநர்:
கட்டட மேஸ்திரி,
தண்ணீர்த் தொட்டித் தெரு, கடைசி வீடு.

பெறுநர்:
உயர்திரு விலங்கு நல அலுவலர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: அடுக்குமாடிக் குடியிருப்பின் குழாய்க் குழிகளில் வாழும் பூனைகளை உள்ளே விட்டுச் சுவர் எழுப்புவதை உடனே நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் முப்பத்தொரு ஆண்டுகளாகக் கொத்து வேலை செய்து வருகிறேன். இம்மனுவில் யார் மீதாவது முதலில் குற்றம் சொல்ல வேண்டுமென்றால் என் மீதுதான் சொல்ல வேண்டும். அந்தச் சுவரைக் கட்டியவன் நான்.

2. மேற்படி குடியிருப்பில் வண்டிகள் நிறுத்தும் கீழ்த்தளத்தின் பின்பக்கம் நான்கு குழாய்க் குழிகள் உள்ளன. எல்லா மாடிகளின் கழிவுநீர்க் குழாய்களும் அவற்றின் வழியாகவே இறங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு வாசல் உண்டு. பல வருடங்களாகப் பூனைகள் அங்கே குடியிருக்கின்றன. வண்டிகளின் மேல் படுத்துக் கீறுகின்றன என்ற புகாரால், நான்கு வாசல்களையும் அடைத்துத் தரும்படி குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்னை அழைத்தார். அவர் கெட்டவர் அல்லர். வேலை தொடங்கும் முன் எனக்கு நாற்காலி போட்டுத் தேநீர் கொடுத்தவர்.

3. கடந்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு முதல் வாசலில் வேலையைத் தொடங்கினேன். இடது காது பாதி இல்லாத ஒரு சாம்பல் நிறப் பூனை என் மணல் குவியலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. விரட்டினேன், போகவில்லை. சீறவுமில்லை, கத்தவுமில்லை. நான் ஒவ்வொரு கல்லை எடுக்கும்போதும் என் கையைப் பார்த்தது. கல்லை வைத்ததும் அந்தக் கல்லைப் பார்த்தது. வேலை பழகுகிறவர் பார்ப்பதைப் போல இருந்தது.

ஐந்தாவது வரிசைக் கல் போடும்போது உள்ளே மெலிதாக ஒரு சத்தம் கேட்டது. செயலாளரை அழைத்து, "உள்ள குட்டி இருக்கிற மாதிரி இருக்கு சார்" என்றேன். அவரும் குனிந்து கேட்டார். "எலியா இருக்கும் மேஸ்திரி. பூசிடுங்க, சாயங்காலம் வண்டியெல்லாம் வந்துடும்" என்று சொல்லிவிட்டு மேலே போனார்.

அவர் சொன்னதால் கட்டினேன் என்று எழுதலாமென இந்த இடத்தில் நெடுநேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்தேன். எழுத முடியவில்லை. எலியின் சத்தம் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கடைசிக் கல்லையும் வைத்துப் பூசினேன். பூசி முடித்ததும் அந்தப் பூனை எழுந்து வந்து ஈரச் சுவரை முகர்ந்தது. பிறகு என்னிடம் வந்து, கரண்டி பிடித்த கையை முகர்ந்தது.

4. என் வீடு அங்கிருந்து ஆறு கிலோமீட்டர். அன்று மாலை கைகால் கழுவிக்கொண்டிருந்தபோது என் மனைவி, "யாரைக் கூட கூட்டிட்டு வந்திருக்கீங்க?" என்று கேட்டாள். வாசற்படியில் அதே பூனை. வண்டியில் காலிச் சாக்குகளுக்கு நடுவே ஏறி வந்திருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் சாக்குகளை இறக்கி உதறியவன் நான்தான். அப்போது அதில் எதுவும் இல்லை.

அவள் வைத்த பாலை அது தொடவில்லை. உள்ளே வந்து, எங்களைப் பார்க்காமல் அறைச் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தது. மற்ற மூன்று வாசல்களைத் தள்ளிப்போட்டுவிட்டு, செவ்வாய், புதன் இரு நாளும் நான் வேறிடத்தில் வேலைக்குப் போயிருந்தேன். பூனை அந்த இடத்தை விட்டு அசையவில்லை என்று மனைவி சொன்னாள். புதன்கிழமை நான் வீடு திரும்பியதும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "சுவத்துக்குள்ள ஏதோ கத்துதுங்க" என்றாள். அது ஒன்பது அங்குலச் சுவர், ஐயா. நடுவில் வெற்றிடம் கிடையாது. நானே கட்டியது. காதை வைத்துப் பார்த்தேன். எனக்கும் கேட்டது. கீழ்த்தளத்தில் நான் அடைத்த வாசலைப் பற்றி அவளிடம் சொன்னேன்.

"நீங்க கட்டினதுதானே? நீங்களே போய் உடைங்க" என்றாள்.

5. நேற்று, வியாழக்கிழமை காலை, சுவரை உடைத்துப் பார்க்க வேண்டுமென்று செயலாளரிடம் தொலைபேசியில் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வைப்பதாகப் பதில் வந்தது. ஞாயிறு வரை பொறுக்க எனக்கு மனம் வரவில்லை. நான் புறப்பட்டபோது பூனை என் வீட்டுச் சுவரருகில் இருந்தது. கீழ்த்தளத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, நான் கட்டிய சுவரின் முன் உட்கார்ந்திருந்தது. வாயிற்காவலரிடம் அது எப்போது வந்தது என்று கேட்டேன். "எங்க போச்சு, வர்றதுக்கு? மூணு நாளா இங்கேயேதான் இருக்கு. சுவத்துல காதை வச்சது வச்சபடி. எனக்கும் உள்ள கேக்குது மேஸ்திரி, யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல" என்றார். என் மனைவியும் பொய் சொல்கிறவள் அல்லள், அவரும் பொய் சொல்கிறவர் அல்லர். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

6. சுவரை உடைத்தேன். ஒரு மாதம் இருக்கக்கூடிய நான்கு குட்டிகள். குழாய் இணைப்பில் சொட்டிய நீருக்குக் கீழே இரண்டு உயிரோடு இருந்தன. மற்ற இரண்டும் விறைத்திருந்தன. தாய் உள்ளே போய் உயிருள்ளவற்றை ஒவ்வொன்றாகக் கவ்வி வந்து காவலரின் நாற்காலிக்கு அடியில் விட்டது. பிறகு இறந்தவற்றையும் கொண்டு வந்து, என் சிமெண்ட் சாக்கின் மேல் பக்கம் பக்கமாகக் கிடத்தியது. அவற்றை நான்தான் புதைத்தேன்.

சுவரின் உட்பக்கம் கற்களுக்கிடையே பிதுங்கியிருந்த கலவை காய்வதற்குள் நகங்களால் கீறப்பட்டிருந்தது. கீறல்கள் என் முழங்கை உயரம் வரை இருந்தன. நான்கு குட்டிகளும் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நின்றாலும் எட்டாத உயரம் அது. தாயோ வெளியே இருந்தது. உடைத்த துண்டுகளைச் சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன். காவலரும், சத்தம் கேட்டு இறங்கி வந்த இரண்டாம் மாடி ஆசிரியையும் பார்த்துக் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

நேற்று நண்பகலிலிருந்து எங்கள் வீட்டுச் சுவரில் சத்தம் இல்லை.

7. அனுமதியின்றிச் சுவரை உடைத்ததாகச் சங்கம் என் மீது காவல் நிலையத்தில் புகார் கொடுத்துள்ளது. அது உண்மை. அதற்குரிய தண்டனையை ஏற்கிறேன். தங்களிடம் நான் வேண்டுவது வேறு.

அ) மீதமுள்ள மூன்று குழிகளையும் தாங்களோ தங்கள் பணியாளர்களோ விளக்கு கொண்டு உள்ளே பார்க்காமல் அடைக்கக் கூடாது என்று எழுத்து மூலம் உத்தரவிட வேண்டும்.

ஆ) பூனைகளைச் சாக்கில் பிடித்து ஊருக்கு வெளியே விடச் சங்கத்தார் ஆள் பேசியிருக்கிறார்கள். அதைத் தடுத்து, அவற்றுக்குக் கருத்தடை செய்து அதே இடத்தில் விட ஆவன செய்ய வேண்டும். இப்போது தாயும் இரண்டு குட்டிகளும் காவலரின் அறையில் ஓர் அட்டைப்பெட்டிக்குள் இருக்கின்றன.

8. நாளை சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மற்ற மூன்று வாசல்களையும் அடைக்க வேறொரு மேஸ்திரி வருகிறார். மூன்றாவது குழிக்குள் நேற்று நான் எட்டிப் பார்த்தபோது கண்கள் தெரிந்தன. எண்ணினேன், ஆறு வரை எண்ண முடிந்தது. வரப்போகிறவரை எனக்கு நன்றாகத் தெரியும். தொழிலில் என்னைவிடக் கெட்டிக்காரர். அவர் கட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தாலும் இந்தப் பக்கம் கேட்காது. ஆகவே, ஐயா, ஒன்பது மணிக்கு முன்பாகத் தாங்கள் அங்கே வந்து நிற்க வேண்டும் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: மேற்படி முகவரி
நாள்: 14ஆம் தேதி, வெள்ளிக்கிழமை

தங்கள் வருகையை எதிர்பார்த்து,
(கையொப்பம்)
சுவர் கட்டிய மேஸ்திரி

சாட்சிகள்: வாயிற்காவலர் (கையொப்பம்), இரண்டாம் மாடி ஆசிரியை (கையொப்பம்)