குங்குமம் வைத்த கம்ப்யூட்டர்

என்னை இந்த வம்பில் மாட்டிவிட்டு, மேலே நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் என் அன்பு நைனாவுக்கு,

நம் வீட்டு முன்னறையில் நீ வைத்த நெட் சென்டர் கடையில், உன் கம்ப்யூட்டர் கிளம்ப மாட்டேன் என்கிறது. நேற்று ராத்திரி அதைக் கடைசியாக அணைத்தது நான்தான். அது இன்னும் யாருக்கும் தெரியாது. அம்மா பக்கத்து அறையில் தூங்குகிறாள். ஃபோன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

இன்று உனக்கு வருஷ திதி. படையல் போட்டு முடித்த கையோடு, அம்மா கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம் வைத்து சாமந்திச் சரம் போட்டாள். உன்னோடு அதிக நேரம் குந்தியிருந்தது அதுதானாம். பிறகு சுவிட்சைப் போட்டாள். கறுப்புத் திரையில் இரண்டே வரி இங்கிலீஷ். டிஸ்க் ஏதாவது இருந்தால் எடுத்துவிட்டு, ஏதாவது ஒரு கீயைத் தட்டு என்றது.

எந்த டிஸ்க்கை எடுப்பது? சிடி தட்டைத் திறந்தோம், காலி. கீயைத் தட்டினோம், அதே இரண்டு வரி.

திதிக்குத் திருப்பதியிலிருந்து வந்திருந்த மாமா கீபோர்டில் இருந்த எல்லாக் கீயையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு, டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

"போச்சுக்கா. மதர்போர்டு காலி."

"உன் வாயில நல்ல வார்த்தயே வராதாடா? கண்ணு பட்டுக்கீது, அவ்ளோதான்" என்று அம்மா ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துச் சுற்றினாள்.

"கம்ப்யூட்டருக்கு எலுமிச்சம்பயம் சுத்தற ஆள இப்பதான் பாக்கறேன்."

"நீ மட்டும் இன்னா கீச்ச? தட்டினதுல ரெண்டு கீ பேந்துகினு வந்துச்சு."

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "காலையில ஒம்பது மணிக்கி ஆட்டோ எத்துக்கினு வரேன். மிஷின ரிப்பேர் பண்ணி, திருப்பதியில அலிபிரி பக்கத்துல என் கடையில போட்டுடலாம். இந்தக் கடைய மூடிட்டு நீயும் புள்ளயும் அங்கயே வந்துடுங்க. எத்தினி நாளிக்கி ஒண்டியா மாரடிப்ப?"

அம்மா எலுமிச்சம்பழத்தை வாசலில் போட்டு மிதித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அதுதான் எனக்குப் பயம். சண்டை போடாத அம்மாவை நீ பார்த்திருக்கிறாயா?

நாளைக்குப் பத்து மணிக்கு ஆன்லைனில் திருமலை தரிசன டிக்கெட் விடுகிறார்கள். புக் செய்யச் சொல்லி நம் தெருவே ஆதார் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. நாளைக்கு ஏமாந்தால் பஸ் ஸ்டாண்டில் புதிதாக வந்திருக்கும் ஏசி போட்ட நெட் சென்டருக்குப் போய்விடுவார்கள். அப்புறம் நகரியில் உன் பெயர்ப் பலகைக்கு என்ன வேலை?

கொஞ்சம் இரு. ஒயரையெல்லாம் பிடுங்கி மாட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன்.

நைனா, கண்டுபிடித்துவிட்டேன். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

மிஷினுக்குப் பின்னால், சாமந்திச் சரத்துக்கு அடியில், உன் சிவப்புப் பென்டிரைவ் சொருகியிருக்கிறது. கறுப்புக் கயிற்றில் கட்டி நீ கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தாயே, அதேதான். ஊரில் யார் கம்ப்யூட்டர் படுத்தாலும் அதை வைத்துத்தான் எழுப்புவாய். நீ போனபிறகு அம்மா, மாமாவிடம் சொல்லி அதிலிருந்ததையெல்லாம் அழித்து உன் போட்டோக்களை ஏற்றி, உன் படத்தில் மாட்டியிருந்தாள். இன்று அதற்கும் ஒரு பொட்டு வைத்து, மிஷினில் சொருகிவிட்டிருக்கிறாள்.

நீயோ உன் வேலைக்கு வசதியாக, முதலில் பென்டிரைவைக் கேள், அப்புறம்தான் உள்ளே பார் என்று மிஷினுக்குச் சொல்லி வைத்திருக்கிறாய். அது பாவம், நல்ல பிள்ளையாக உன்னைத்தான் கேட்டிருக்கிறது. உன் கல்யாணப் போட்டோவைப் பார்த்து அது எப்படிக் கிளம்பும்?

பிடுங்கினேன். கீயைத் தட்டினேன். கிளம்பும்போது ஒரு பாட்டுப் பாடுமே, அதைக் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி பாடித் தொலைத்தது.

"யாருடி அங்க?"

"பூனதாம்மா."

பிறகு தூக்கக் குரலில், "உங்க நைனா கடைய தொறந்தா மாறி இருந்துச்சு" என்றாள். புரண்டு படுத்துவிட்டாள்.

நீ சொருகினதாலதாம்மா கெட்டது என்று இந்தப் பென்டிரைவை அம்மா கையில் எப்படிக் கொடுப்பது? கொடுத்தால் இனி பூ வைக்கக்கூட மிஷின் பக்கம் வரமாட்டாள்.

அதனால் மறுபடியும் அணைத்து, நீ செய்வதைப் பார்த்த மாதிரியே எஃப் டூ கீயைத் தட்டித் தட்டி மிஷினின் செட்டிங்குக்குள் போனேன். நீ எழுதி வைத்த வரிசையை மாற்றினேன். மிஷின் இனிமேல் முதலில் தன்னையே கேட்டுக்கொள்ளும், நீ இரண்டாவது. கோபித்துக்கொள்ளாதே. பென்டிரைவை அம்மா வைத்த இடத்திலேயே, பொட்டு அழியாமல் சொருகிவிட்டு ஆன் செய்தேன். ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டுத்தான். உன்னை ஒரு வார்த்தை கேட்காமல், உன்னை முதுகில் வைத்துக்கொண்டே கிளம்பிவிட்டது.

நாளைக்கு ஸ்கூலுக்கு மட்டம். பத்து மணிக்கு உன் நாற்காலியில் நான் உட்காருவேன். நம் தெருவில் ஒருத்தரையும் பஸ் ஸ்டாண்டுக்குப் போக விடமாட்டேன். மாமாவுக்குக் காபி கொடுத்து, ஆட்டோவைக் காலியாகவே அனுப்பி வைப்பேன். இது சத்தியம்.

உன்னை இரண்டாவதாக வைத்த,
உன் ஒரே பொண்ணு தேவி