உன் பெயரில் உள்ள ஆறு ஏக்கர்

சேசு மரி சூசை துணை

தங்காக், ஜொகூர்
1931-ம் வருஷம் அக்டோபர் மாதம் 11-ந் தேதி

என் அன்பு மகள் ஐலீனுக்கு அம்மா மனமார முத்தமிட்டு எழுதிக்கொள்வது. சர்வேசுரன் கிருபையால் நான் நடமாட்டமாக இருக்கிறேன். உனக்குக் காய்ச்சல் விட்டு மறுபடி வகுப்புக்குப் போகிறாய் என்று படித்தபிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. அப்பாவைப் பற்றிச் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இத்தனை நாளும் அவர் ஏன் உனக்கு எழுதவில்லை என்று கேட்டிருந்தாய். அவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. உயிருக்கு இப்போது பயமில்லை என்று மூவார் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பார்த்த டிரஸ்ஸர் சொல்லிப் போனார், அதனால் பதறாமல் கடைசிவரை படி, பாதியில் நிறுத்திவிட்டு அழாதே. உனக்குத் தந்தி அடிக்க வேண்டாம் என்று தடுத்தது நான்தான். தந்தி பார்த்தால் நீ கப்பல் ஏறிவிடுவாய் என்று எனக்குத் தெரியும்.

பாதிதானே கடன் வாங்கினோம், எப்படியம்மா நிலம் முழுவதும் போகும் என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். படித்த பிள்ளை உனக்கே விளங்கவில்லை என்றால் எங்களுக்கு எப்படி விளங்கியிருக்கும், சொல். அப்பா தோட்டத்தில் கிராணியாகக் கணக்கெழுதிச் சேர்த்த காசில் அந்த இருபத்து நாலு ஏக்கரை வாங்கியது உனக்குத் தெரியும். ரப்பர் பாலை ஷீட்டாக்கிக் காயவைக்கப் புகைக்கூடமும் உருளை மெஷினும் வைக்க வேண்டும், உன்னை மதராஸுக்குப் படிக்க அனுப்ப வேண்டும் என்று செட்டியார் வட்டிக் கடையில் கடன் கேட்கப் போனபோது ரப்பர் ராத்தல் ஒரு வெள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தது. அப்போது கடையில் இருந்த ஏஜெண்டு முக்கால்வாசிவரை தருகிறேன் என்றாராம். அப்பாதான் பாதி போதும் என்று சொல்லி, நிலத்தின் விலையில் பாதிக்கு மேல் கடன் ஒருநாளும் போகக்கூடாது என்ற நிபந்தனையோடு பத்திரம் எழுதினார். அதிலேயே இன்னொன்றும் இருந்தது. கடைக்காரர் எப்போது வேண்டுமானாலும் நிலத்தை மதிப்புப் போட்டுப் பார்க்கலாம், அந்தப் பாதியைக் கடன் தாண்டியிருந்தால் தாண்டிய தொகையை இரண்டு மாதத்துக்குள் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் அதற்கு ஈடாக வேறு சொத்தை எழுதிக் கொடுக்க வேண்டும், அதுவும் முடியாவிட்டால் நிலம் அவர்களுக்கு. அப்பா இங்கிலீஷில் படித்துத்தான் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்து, "பாதி அவுங்களது, பாதி நம்மளது. என்ன ஆனாலும் நம்ம பாதி நிக்கும் சவேரி" என்றார். நானும் நம்பினேன். விலை இறங்கினால் கடன் இறங்காது, முதலில் கரைந்து போவது நம்முடைய பாதிதான் என்று எங்கள் இரண்டு பேருக்கும் அன்றைக்குத் தோன்றவே இல்லை. இப்போது ராத்தல் பத்துக் காசுக்குக்கூட வாங்க ஆளில்லை. வட்டியை நாம் ஒரு மாதம்கூடத் தவறவில்லை ஐலீன், அதை மட்டும் நன்றாக மனதில் வைத்துக்கொள். அப்பா கடனைக் கட்டாமல் நிலத்தை விட்டார் என்று யாராவது சொன்னால் தலை குனியாதே.

முதல் தடவை மதிப்புப் போட்டது போன வருஷம். பாதியைத் தாண்டிய தொகையைக் கட்ட என் நகைகள் போயின, அதை உனக்கு எழுதவில்லை. இந்தப் பங்குனி மாதத்தில் கடையிலிருந்து, ரப்பர் வியாபாரம் பண்ணுகிற சீனத் தவுக்கே ஒருவரை மறுபடி கூட்டி வந்தார்கள். அவர் மரத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. ரோட்டுப் பக்கமாக நின்றபடியே ஒரு விலை சொன்னார், அதைக் கேட்டு அப்பா, "தவுக்கே, உள்ளாற வந்து பட்டையப் பாருங்க, ஒரு மரத்துல காயம் இருக்கா பாருங்க" என்று அவர் பின்னாலேயே போனார். மற்றவர்கள் எல்லாம் பணமுடைக்கு, பால் கூட இறங்கட்டும் என்று பட்டையை இரண்டு பக்கமும் ஆழமாக வெட்டி மரத்தைக் கெடுத்தபோது அப்பா ஒரு நாளும் அப்படிச் செய்யவில்லை. தவுக்கே நின்று, "கிராணி, மரம் நல்ல மரம்தான். யாரு வாங்குறா?" என்று மட்டும் கேட்டுவிட்டு மோட்டாரில் ஏறிவிட்டார். கெட்ட மரத்துக்கும் நம் மரத்துக்கும் ஒரே விலைதான் வந்தது. அதன் பிறகுதான் அப்பா, இந்த இருபத்து நாலில் சேராமல் உன் பெயரில் தனியாக வாங்கிப் போட்டிருந்த ஆறு ஏக்கரையும் ஈடாகச் சேர்க்க உனக்குப் பத்திரம் அனுப்பினார். நீ ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினாய். அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். அப்பா மட்டும் கவரைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

அந்தப் பத்திரத்தைக் கடையில் கொடுக்காமல் தள்ளிக்கொண்டே போனதற்குக் காரணம் காளியப்பன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் தோட்டம் வைத்திருந்தாரே, நீ சின்னப் பிள்ளையில் அவர் வீட்டு வாத்துக்களைத் துரத்திக் கடி வாங்கினாயே, அவரேதான். அவருக்கும் இதே மாதிரிப் பத்திரம், வேறு கடையில். ஒரு தடவை கேட்டார்கள், வீட்டை ஈடாகச் சேர்த்தார். மறுபடி கேட்டார்கள், வண்டியையும் மாட்டையும் சேர்த்தார். மூன்றாந்தடவை மைத்துனன் நிலத்தைக் கெஞ்சிக் கேட்டு வாங்கி எழுதிக் கொடுத்தார். வைகாசியில் எல்லாவற்றையும் சேர்த்து ஏலம் போட்டார்கள். கேட்பதற்கு வந்தவர் ஒரே ஆள், அவரும் கடைக்காரர் அனுப்பிய ஆள். அப்பாவும் நானும் அங்கே நின்றிருந்தோம். மைத்துனன் அக்காள் முகத்தைக்கூடப் பார்க்காமல் மண்ணைப் பார்த்தபடி நடந்து போய்விட்டான். ஊருக்குக் கப்பல் ஏறக் கிளம்புகிற அன்று காளியப்பன் பெண்டாட்டி கிருஷ்ணம்மா என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தாள். "அக்கா, மொதல்ல கேட்டப்பவே நெலத்தக் குடுத்திருந்தா எந்தம்பியாச்சும் தப்பிச்சிருப்பான். நாங்க பிடிச்சுக்கிட்டே இருந்து அவனையும் உள்ள இழுத்துட்டோம்" என்றாள். அவள் அழக்கூட இல்லை. அப்பா உள்ளே இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் இரண்டு பேரும் தங்காக் கடைக்குப் போனோம். நான் வரவேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை. உன் பத்திரம் அவர் சட்டைப் பையில் இருந்தது. இப்போது இருக்கிற ஏஜெண்டு சின்ன வயசு, நல்ல மாதிரி. தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டுப் பேச்சை எடுத்தார். "கிராணி ஐயா, நீங்க வட்டி தவறாதவுங்க. எனக்கும் மனசு கேக்கல. மக நெலத்தையும் சேத்துக் குடுங்க, ஊருல இருக்குற மொதலாளிக்கு எழுதி ஒரு வருசம் தவணை வாங்கித் தாரேன்" என்றார். அப்பா பைக்குள் கையை விட்டார். எனக்குக் கிருஷ்ணம்மா முகம் கண்ணில் நின்றது. அந்த ஒரு வருஷமும் மறுபடி மதிப்புப் போட்டுப் பாதிக் கணக்கைக் கேட்காமல் இருப்பீர்களா என்று நான் கேட்டேன். கடையில் இருந்தவர்கள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஏஜெண்டு, "அத மட்டும் கேக்காதீங்கம்மா. பத்திரத்துல உள்ளது அப்படியேதான் இருக்கும். நாங்களும் சிங்கப்பூர் பாங்குல வாங்கித்தான் குடுத்திருக்கோம், அவுங்க எங்க கழுத்துல இதே கயித்ததான் போட்டிருக்காங்க" என்றார். "அப்ப அடுத்த மாசமே வெலை எறங்குச்சுன்னா?" என்றேன். அவர் கணக்கு நோட்டை மூடிவைத்தார். பிறகு, "எறங்குச்சுன்னா மறுபடி கேப்போம். அப்ப அந்த ஆறு ஏக்கரும் சேந்து போயிரும். உங்ககிட்டப் பொய் சொல்ல எனக்கு வாய் வரலம்மா" என்றார்.

அப்பா பையிலிருந்து கையை வெறுமனே எடுத்தார். "இருபத்து நாலையும் எழுதிக்குங்க. எம்மக நெலத்துல யாரும் கை வைக்க வேணாம்" என்றார். ஆனால் நிலத்தை இன்றைய விலைக்கு எடுத்தால் கடன் முழுவதும் தீராதே, மிச்சத்துக்கு நாளைக்கு உன்னிடம் வந்து நிற்பார்களே என்று எனக்குப் பயம் வந்தது. கடன் முழுவதும் தீர்ந்தது என்று எழுதித் தந்தால்தான் தோட்டத்துச் சாவியைத் தருவோம், கோர்ட்டுக்குப் போனால் உங்களுக்கும் செலவுதான் என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன். அவர் ஊருக்குத் தந்தி அடித்தார். உருளை மெஷினையும் இரண்டு மாட்டையும் சேர்த்துக் கொடுத்தால் சம்மதம் என்று பதில் வந்தது. கொடுத்தோம். தீர்ந்தது என்ற பத்திரம் பங்குச் சாமியாரிடம் இருக்கிறது. அன்று வீடு வந்ததும் நீ கையெழுத்துப் போட்ட காகிதத்தை அப்பா அடுப்பில் வைத்தார்.

ஆடி மாதத்தில் ஒப்படைத்தோம். இத்தனை வருஷம் நமக்கு மரம் வெட்டிப் பால் எடுத்த மூர்த்தி குடும்பத்தை மட்டும் வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று அப்பா ஏஜெண்டிடம் கேட்டார். இந்த விலைக்கு வெட்டுக்கூலியே தேறாது, தோட்டத்தைப் பூட்டத்தான் போகிறோம் என்று சொல்லிவிட்டார். மூர்த்தியும் பெண்டாட்டி பிள்ளைகளும் வேலை தேடிக் காஹாங் பக்கம் போனார்கள், தகவல் ஒன்றும் இல்லை. நம் நிலத்தில் இப்போது யாரும் பாலுக்கு மரம் வெட்டுவதில்லை. லாலான் புல் இடுப்பளவு வளர்ந்து கிடக்கிறது. அதை வாங்கியவர்களுக்கும் பிரயோசனமில்லாமல் நம்மிடமிருந்து போயிருக்கிறது, அதுதான் என் வயிற்றெரிச்சல்.

உன் ஆறு ஏக்கரில் பழைய கூலிக் கொட்டகையைச் சீர்பண்ணிக் குடியிருக்கிறோம். அப்பா இந்த வயதில் தானே கத்தி எடுத்து மரம் வெட்டினார், நான் பால் எடுத்தேன். ஆவணி பிறந்த பிறகு ஒருநாள் காலையில் வாளியோடு போனவர் வெகுநேரமாகத் திரும்பவில்லை. போய்ப் பார்த்தால் மரத்தடியில் சாய்ந்து கிடந்தார், வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது, பால் எல்லாம் சட்டையில் கொட்டி உறைந்து போயிருந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார், எனக்குப் புரியவில்லை. இப்போது ஒன்றிரண்டு வார்த்தை தெளிவாக வருகிறது. பேசுவதெல்லாம் அவருக்கு நன்றாகப் புரிகிறது. சன்னல் வழியாகப் பழைய தோட்டம் தெரிந்தது, அந்தப் பக்கம் முகத்தையே திருப்பவில்லை, அதனால் கட்டிலை மாற்றிப் போட்டுவிட்டேன். மரம் நான்தான் வெட்டுகிறேன். ஒருநாள் விட்டு ஒருநாள் போய் பாதி மரங்களைத்தான் வெட்ட முடிகிறது, அரிசிக்கும் கருவாட்டுக்கும் ஆகிறது. மரவள்ளியும் போட்டிருக்கிறேன். நாங்கள் பட்டினி இல்லை, சத்தியமாக எழுதுகிறேன்.

நீ வரக்கூடாது மகளே. இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது. படிப்புச் சம்பளத்தை இப்போது கட்ட வேண்டாம், படித்து முடித்து மிஷன் ஆஸ்பத்திரியில் மூன்று வருஷம் வேலை செய்து கழிக்கலாம் என்று உங்கள் காலேஜை நடத்துகிற பெரியம்மா சொன்னதாக எழுதியிருந்தாயே, அதற்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிடு. போன வருஷம் அப்பா இது கௌரவக் குறைச்சல் என்று வேண்டாம் என்றார். நேற்று அவர் காதருகே குனிந்து கேட்டேன், கண்ணை மூடித் திறந்து, "போடச் சொல்லு" என்றார். அது அவர் வாயிலிருந்து வந்த வார்த்தை, நான் சேர்த்து எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாதே. விளக்கு வெளிச்சத்தில் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. காய்ச்சல் வந்த உடம்பு, தலை குளித்தால் ஈரம் போகத் துவட்டு. கூடப் படிக்கிற பிள்ளைகளிடம் வீட்டு நிலைமையைச் சொல்லி இரக்கம் தேடாதே, கேட்டால் மறைக்கவும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று, இதை மறக்கவே கூடாது. அந்த ஆறு ஏக்கரின் கிராண்டுப் பட்டா உன் பெயரில் இருக்கிறது, நிலவரியும் உன் பெயரில்தான் கட்டி வருகிறேன். இனி அந்த நிலத்தின்மேல் யார் எந்தப் பத்திரத்தை அனுப்பினாலும் நீ கையெழுத்துப் போடாதே. அப்பா வைத்தியத்துக்கு, சிங்கப்பூர் ஆஸ்பத்திரிக்கு, கொஞ்சம்தான், பாதிக்கும் குறைவுதான் என்று நானே எழுதிக் கேட்டாலும் போடாதே. அவர் மூச்சு வாங்குவதைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறவள் நான், ஒருநாள் எனக்குத் தைரியம் போய்விடலாம். அப்படி ஒரு கடிதம் வந்தால் அது பயத்தில் எழுதியது என்று வைத்துக்கொள், உன் அம்மா யோசித்து எழுதியது இந்தக் கடிதம்தான். அப்போது உன்மேல் எனக்குக் கோபம் வந்தாலும் வரட்டும்.

தேவமாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். அப்பா இடது கையால் உன் நெற்றியில் சிலுவை போடுவதாக நினைத்துக்கொள். இந்தக் கடிதம் கிடைத்த விவரத்துக்கு உடனே பதில் எழுது, அப்பாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும், அதனால் சந்தோஷமாக எழுது.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா
ச. சவேரியம்மா