லீவு ரத்தான செய்தி

ஏ.எஸ்.ராவ் நகர்,
ஹைதராபாத்
30 டிசம்பர் 2008

அன்புள்ள சுபாவுக்கு,

அக்கா எழுதுகிறேன். ஜம்முவின் குளிர் உன்னையும் குழந்தைகளையும் அதிகம் படுத்தாமலிருக்க வேண்டும். வாராவாரம் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நாம் பேசும்போது உன் அத்திம்பேர் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அதனால் இதைக் கல்லூரியில், ஸ்டாஃப் ரூமில் வைத்து எழுதுகிறேன்.

ரஷ்மிக்குப் படிக்கும்போதே கிடைத்த வேலை இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது. ஜூலையில் சேரச் சொன்னவர்கள் டிசம்பர் என்றார்கள். இப்போது பதிலே இல்லை. கேட்டால், "ரிசஷன்மா, எல்லாருக்கும் இதே கதிதான், தங் மத் கரோ, நச்சரிக்காதே" என்று பாதி ஹிந்தியில் எரிந்து விழுந்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். மாடியில் குடியிருந்த சாஃப்ட்வேர் பையன்களும் வேலை போய் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். இந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு டு-லெட் பலகை தொங்குகிறது.

அத்திம்பேர் விருப்ப ஓய்வில் வந்தபோது கிடைத்த பணம் பங்குகளில் இருப்பது உனக்குத் தெரியும். உப்பலில் ராடாருக்குப் பாகங்கள் செய்கிற ஒரு சிறிய கம்பெனி. ராடார் ஃபாக்டரியில் இருந்தபோது அவர்கள் அனுப்பும் சர்க்யூட் போர்டுகளைச் சோதித்து வாங்கியவர் இவர்தான். "இந்த மாதிரி சால்டரிங் நீ எங்கேயும் பார்க்க முடியாது, வசந்தி" என்பார். சால்டரிங் சுத்தமாக இருந்தால் விலை ஏறிவிடுமா என்று கேட்டேன். "எகனாமிக்ஸ் படிச்சவாளுக்கு சந்தேகப்படத்தான் தெரியும்" என்றார். போர்டுகள் இன்றும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அமெரிக்காவில் பாங்க் திவாலானதும் வெளிநாட்டுக்காரர்கள் பெரிய பங்குகளை விற்றுவிட்டுப் போனார்கள்; பயந்துபோன உள்ளூர்க்காரர்கள் கையிலிருந்த சின்னப் பங்குகளையும் தள்ளினார்கள். யாரும் சால்டரிங்கைப் பார்த்து விற்கவில்லை.

உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. விலை இறங்க இறங்க, இருந்த பங்குகளைப் புரோக்கரிடம் அடகு வைத்து, அந்தக் கடனில் இன்னும் வாங்கினார். மேலும் இறங்கினால் புரோக்கர் ஆபீஸில் கூடுதல் பணம் கேட்பார்கள். தராவிட்டால் எல்லாவற்றையும் வந்த விலைக்கு விற்றுவிடுவார்கள். அக்டோபரில் கேட்டார்கள். வீட்டுப் பத்திரத்தை பாங்கில் வைத்துக் கொடுத்தோம். நானும்தான் கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகு மிஞ்சியது ரஷ்மி கல்யாணத்துக்கென்று போட்டிருந்த டெபாசிட் ஒன்றுதான்.

மும்பையில் அந்தத் தாக்குதல் நடந்ததிலிருந்து வீட்டில் டிவி அணைவதில்லை. முதலில் எல்லாரையும் போல அவரும் கண்கலங்கினார். பிறகு கணக்குப் போட ஆரம்பித்தார். கார்கில் சமயத்தில் ஃபாக்டரி மூன்று ஷிஃப்ட் ஓடியது. அந்த ஓவர்டைம் பணத்தில்தான் மாடி எழுப்பினோம். "எல்லையில சூடு ஏறினா ஆர்டர் வரும், ஆர்டர் வந்தா விலை வரும்" என்கிறார். பேச்சுவார்த்தை என்ற சொல் காதில் விழுந்தால் சானலை மாற்றுகிறார். எதிர்வீட்டு சம்பந்தம் கேட்டருகில் நின்று, "என்ன சார், சண்டை எப்ப ஆரம்பிக்குது? சொன்னீங்கன்னா நானும் ரெண்டு பங்கு வாங்கிப் போடுவேன்ல" என்று சீண்டினார். உன் அத்திம்பேர் சிரிக்கவில்லை. "ஜனவரிக்குள்ள" என்றார்.

கெட்ட மனிதர் இல்லை, சுபா. பட்டாளத்துக்காரனுக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்ற அப்பாவிடம் மணிக்கணக்காகப் பேசி, உனக்கு சங்கரை முடித்து வைத்தவரே அவர்தான்.

போன ஞாயிறு நீ, சங்கருக்கு லீவு ரத்தாகிவிட்டது, பொங்கலுக்கு வர முடியாது என்று சொன்னாய். உன் குரல் உடைந்ததை நான் கேட்டேன். அவரும் கேட்டார். "பாவம்" என்றார். போனை வைத்த கையோடு, "லீவை கான்சல் பண்றான்னா படையை நகர்த்தறான்னு அர்த்தம். இது இன்னும் பேப்பர்ல வரலை" என்றார். மறுநாள் காலையில் டெபாசிட்டை உடைத்து அதற்கும் பங்கு வாங்கிவிட்டார். நீ அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னதை நம்பித்தான் வாங்கினார்.

அன்று மாலை பங்கு மூன்று ரூபாய் ஏறியது. புரோக்கர் போனில், "டென்ஷன் ஒத்து சார்" என்று, கவலை வேண்டாமென்று தெலுங்கில் சொன்னது எனக்கும் கேட்டது. எனக்கு மூச்சு லேசாக வந்தது. வீடு தப்பித்தது என்று நினைத்தேன். எதனால் ஏறியது என்பது அப்புறம்தான் உறைத்தது. அடுப்படியில் போய் நின்றுகொண்டேன்.

எல்லாவற்றையும் விற்றுவிடலாம், கிடைத்ததை பாங்கில் கட்டிவிட்டு, தீராத பாக்கிக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, போலாரம் பக்கம் எங்காவது வாடகைக்குப் போய்விடலாம் என்று நேற்று ராத்திரி சொன்னேன். "இன்னும் ரெண்டே வாரம் பொறு. சங்கரோட யூனிட் முன்னால போயாச்சான்னு மட்டும் சுபாகிட்ட தெரிஞ்சுக்கோ. நேரா கேக்காதே, பயந்துப்பா. சங்கர் ஆத்துல சாப்பிடறானான்னு கேளு" என்றார். எனக்குச் சொல்லிக்கொடுத்தார், சுபா. கோபத்தில் கத்தியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்ததும் கத்த முடியவில்லை. ஒரு மாதமாக அவர் சரியாகச் சாப்பிடவும் இல்லை, தூங்கவும் இல்லை.

ஆகவே வருகிற ஞாயிறு நான் அப்படித்தான் கேட்பேன். ஸ்பீடு போஸ்டில் அனுப்புவதால் அதற்குள் இது உன் கைக்கு வந்துவிடும். நான் கேட்காவிட்டால் அவரே போனை வாங்கிக் கேட்பார். அதை உன் காதால் நீ கேட்க வேண்டாம். அங்கே நிலைமை எதுவாக இருந்தாலும் சரி, சங்கர் வீட்டில்தான் இருக்கிறான், இப்போதுதான் சாப்பிட்டுப் படுத்தான் என்று சொல். நிதானமாகச் சொல். அதைக் கேட்டுவிட்டு இவர் விற்றால் விற்கட்டும், வீடு போனால் போகட்டும். உன் வீட்டுச் செய்தியை வைத்து இந்த வீட்டில் இனி ஒரு பங்கு வாங்கக் கூடாது.

உண்மை எதுவோ அதை எனக்கு மட்டும் கல்லூரி விலாசத்துக்கு எழுது. எழுதக் கை வராவிட்டால் எழுத வேண்டாம், புரிந்துகொள்வேன்.

எனக்குப் பிரார்த்தனை செய்யத் தெரியாது என்று நீயே கேலி செய்வாய். உன்னை ஒரு பொய் சொல்லச் சொல்கிறேன். அது பொய்யாக இல்லாமலிருக்கட்டும்.

உன் அக்கா,
வசந்தி