பன்றிக்குட்டிக்கு ஊற்றிய கஞ்சி

1943, மாசி 12. திருச்சுழி.

மூக்காயியின் கடைசிப் பன்றிக்குட்டியும் இன்று செத்துவிட்டது. வயிறு பானைபோல உப்பி, முதுகெலும்பு துருத்திக் கிடந்தது. அறுத்துப் பார்த்தேன். குடல் முழுக்க வெள்ளைப் புழுக்கள் நூல்கண்டுபோலச் சுருண்டு அடைத்திருந்தன.

மூன்று நாளைக்கு முன் நான்தான் மருந்து கொடுத்தேன். யுத்தம் வந்ததிலிருந்து எங்கள் மாட்டாஸ்பத்திரிக்குப் புழு மருந்து வருவதில்லை. சீசாவில் மிஞ்சியிருந்ததே அவ்வளவுதான். மருந்துக்கு முந்தின நாள் முழுக்கப் பட்டினி போட்டால்தான் அது புழுவைக் கொல்லும் என்று அவளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

"கஞ்சி ஊத்துனியா?" என்று கேட்டேன்.

"முனியசாமிக்கு நேந்துவிட்ட குட்டி, கம்பவுண்டரய்யா. சாமி உசுர எப்பிடிப் பட்டினி போடுறது? பொழுதுக்கும் கத்துச்சு. எனக்கு வச்சிருந்த கஞ்சியத்தான் ஊத்துனேன்."

கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. தாய்ப்பன்றி மறுபடியும் சினை. புழுமுட்டை கிடக்கும் அதே மண்ணில்தான் படுத்திருக்கிறது. ஈனும்போது என்னிடம் ஒரு சொட்டு மருந்தும் இருக்காது.

கிளம்பும்போது, "பசியோட சாகலைய்யா, அது போதும்" என்றாள்.

அந்தக் கஞ்சியைக் குடித்தது புழுக்கள்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.