பறக்காத கிளைடரும் என் வலது கையும்

ஜூன் 14, சனி

மாதிரிக் கிளைடரின் முன்சக்கரத்தை ஒட்ட உட்கார்ந்தேன். சாமணத்தின் நுனியில் சக்கரம் துடித்தது. அல்லிநகரத்துக் காற்றுதான் என்று ஜன்னலைச் சாத்தினேன். துடித்தது. மின்விசிறியை நிறுத்தினேன். அப்போதும் துடித்தது.

பிறகுதான் கையைப் பார்த்தேன்.

ஜூன் 15

காலையில் காப்பி வேண்டாம் என்றேன். கை நேராக இருந்தது. ஆக, காப்பிதான்.

ஜூன் 18

காப்பி இல்லை. தூக்கமும் நன்றாகவே இருந்தது. ஆனாலும் துடித்தது.

ஜூன் 22, ஞாயிறு

கோயம்புத்தூரிலிருந்து கயல் பேசினாள். என்ன செய்கிறாய் என்றாள். டி.எம்.1 மாதிரியை ஒட்டுகிறேன் என்றேன். மகளுக்கு என் அலமாரியைக் கண்டாலே ஆகாது.

"ஏம்ப்பா, ஹிட்லர் ஆளுக செஞ்ச விமானத்தப் போயி ஒக்காந்து ஒட்டிக்கிட்டு இருக்க?"

"என் அலமாரியில் இருக்கிற ஒன்றும் பறந்ததில்லை. பறக்காததால் யார் தலையிலும் குண்டு போட்டதில்லை."

"யாரையும் எங்கயும் கூட்டிட்டுப் போனதும் இல்லையேப்பா."

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அவள் கேட்டது தப்பில்லை. அந்த நாட்டுத் தொழிற்சாலைகளில் அடிமைகளாக நின்று செத்தவர்கள் கணக்கு எனக்கும் தெரியும். ஆனாலும் இந்த ஒன்றை விட முடியவில்லை. நிலக்கரித் தூளை எரித்துப் பறக்கவேண்டிய முக்கோண விமானம் ஒன்றுக்கு முன்னோட்டமாக, என்ஜினே இல்லாமல் மரத்தில் செய்த கிளைடர். செய்தவர்கள் டார்ம்ஸ்டாட், மியூனிக் மாணவர்கள். முடிப்பதற்குள் போர் முடிந்துவிட்டது. அமெரிக்கர்கள் கப்பலில் ஏற்றிக்கொண்டுபோய்க் காற்றுச் சுரங்கத்தில் கட்டிவைத்து ஊதிப் பார்த்தார்கள். அவ்வளவுதான் அதன் ஆகாயம். கட்டிக்கொண்டிருக்கும் வரை போர்முனைக்குப் போகவேண்டாம் என்றால், முடிக்க அந்தப் பையன்களுக்கு என்ன அவசரம் இருந்திருக்கும்?

பொட்டிப்புரத்து நியூட்ரினோ ஆய்வகமும் இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே எனக்கு ஒரு நாற்காலி போடுவார்கள் என்று காத்திருந்தேன். அதற்கும் ஒரு மாதிரி செய்து இதே அலமாரியில் வைக்கலாம்.

ஜூலை 3, வியாழன்

கல்லூரியில், கரும்பலகையில் சமன்பாடு எழுதும்போது சமக்குறியின் இரண்டு கோடும் அலையாக வந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எதற்கோ சிரித்திருக்கலாம். என்னைப் பார்த்துத்தான்.

இனிமேல் திரையில் போட்டுத்தான் பாடம். மத்தியானம் சுந்தரலிங்கம் எட்டிப்பார்த்தார். என்னைவிட எட்டு வயது இளையவர், எனக்கு வரவேண்டிய துறைத்தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர். போடி ஏலக்காய் வியாபாரி வீட்டுப் பிள்ளை. பேச்சிலேயே வாசனை இருக்கும்.

"அட, ப்ரொஜெக்டரா! சார் மாடர்னா மாறிட்டீக போல."

குத்தல். வேறென்ன?

ஜூலை 20, ஞாயிறு

ஆடிக் காற்று. பெயின்ட் காய்வதற்குள் மண்ணை அள்ளி இறக்கையில் ஒட்டிவிட்டுப் போகிறது. இன்று வேலை இல்லை.

மனைவி தேவயானி சின்னமனூரில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போய்வந்தாள்.

"ஒங்க அண்ணன் வந்திருந்தாக. மெலிஞ்சு போயிட்டாக. நீங்க எப்படி இருக்கீகன்னு கேட்டாக."

"நீ என்ன சொன்ன?"

"இருக்காகன்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல?"

அண்ணன் ராக்கப்பனுக்கு என்னைப் பற்றி எதற்கு விசாரணை? ஏழு வருஷமாக இல்லாத அக்கறை.

அந்த வைகாசி மத்தியானம் அப்படியே கண்ணில் நிற்கிறது. மூத்த மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். அப்பா சாகும்போது எனக்கு ஐந்து வயது. தோளில் தூக்கி வளர்த்தவர் அவர். கூடப் பிறந்த ஒரே தம்பி நான். தாம்பாளத்தை அண்ணன் கையால் நீட்ட, நான் கையால் வாங்க, அதுதானே முறை? வாசப்படியிலேயே நின்றார். துண்டை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு, ஏதோ வரப்பில் நிற்கிற மாதிரி. மதினிதான் தாம்பாளத்தை நீட்டினார். காப்பி கொடுத்தால், "இப்பத்தான் குடிச்சோம்." ஆடை படிந்து அப்படியே கிடந்தது. என் வீட்டுத் தண்ணியக்கூடத் தொடல. படிச்ச தம்பின்னா அம்புட்டு எளக்காரமா? ஊர் பேர் தெரியாதவனுக்கெல்லாம் கையால குடுத்திருப்பாருல்ல?

கல்யாணத்துக்குப் போகவில்லை. அதன்பிறகு அந்த வீட்டுப் படி மிதிக்கவும் இல்லை.

ஆகஸ்ட் 2, சனி

மதுரை. நரம்பு டாக்டர்.

அவர் சுருள் வரையச் சொல்வார் என்று படித்திருந்தேன். அதனால் ஒரு வாரமாக வீட்டில் வரைந்து பழகிவிட்டுப் போனேன். அம்பத்திரண்டு வயதில், பரீட்சைக்குப் போகிறவன் மாதிரி. அங்கே வரைந்தது பாம்பு நெளிந்த மணலாக இருந்தது.

இரண்டு விதமாக இருக்கலாம் என்றார். ஒன்று குடும்பத்தில் வருவது, நடுக்கத்தோடு நிற்பது. இன்னொன்று நிற்காது. அதன் பெயரை அவர் மெதுவாகச் சொன்னார். இன்னும் பார்க்கவேண்டும், அவசரப்படவேண்டாம் என்றார்.

"அப்பாவுக்கு இருந்ததா?"

"அப்பா நாற்பது வயதில் பாம்பு கடித்துப் போய்விட்டார்."

"கூடப் பிறந்தவங்க?"

"யாரும் இல்லை."

தேவயானி என்னைப் பார்த்தாள். பஸ் ஆண்டிப்பட்டி கணவாயைத் தாண்டியது. பிறகு, ஜன்னலைப் பார்த்தபடி, "உசுரோட இருக்குற மனுசன இல்லைனு சொல்ல எப்படித்தான் மனசு வந்துச்சோ" என்றாள்.

ஆகஸ்ட் 4

அந்த இரண்டாவது வியாதியைப் பற்றிப் படித்தேன். படித்திருக்கக் கூடாது. கை, பிறகு நடை, பிறகு முகம் அசையாமல் போகுமாம். சட்டைப் பொத்தானை இன்னொருவர் போட்டுவிடவேண்டுமாம்.

இன்று பொத்தான் போட எனக்கு எவ்வளவு நேரம் ஆனது? வழக்கமான நேரம்தானா?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

விமானி உட்காரும் அறையின் கண்ணாடியை ஒட்டினேன். கெடுத்தேன்.

கண்ணாடிப் பாகத்துக்கு வெள்ளைப் பசைதான் பூசவேண்டும். மெதுவாகக் காயும், அதுவரை அசையாமல் பிடித்திருக்கவேண்டும். சூப்பர் குளூ உடனே பிடித்துக்கொள்ளும், ஆனால் அதன் ஆவி பட்டால் கண்ணாடி வெளுத்துவிடும். இந்த வேலையில் முதல் வருஷமே கற்றுக்கொள்கிற பாடம் இது. தெரிந்தும் சூப்பர் குளூ எடுத்தேன். அவ்வளவு நேரம் கை நிற்காது என்ற பயம்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே பூத்தது. புரை விழுந்த கண் மாதிரி. இப்போது உள்ளே இருந்து வெளியே ஒன்றும் தெரியாது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஆடி முடிந்ததும் எல்லாரும் பத்திரிகையோடு கிளம்பிவிட்டார்கள். காலையில் சுந்தரலிங்கம் மனைவியோடு வந்தார். மகளுக்குக் கல்யாணம். என் வீட்டுக்கு அவர் வருவது இதுதான் முதல்முறை.

தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், மேலே பத்திரிகை. இரண்டு கையாலும் பிடித்து, கொஞ்சம் குனிந்து, நீட்டினார்.

"சார் குடும்பத்தோட வந்து முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும்."

என் கை இரண்டும் பேன்ட் பாக்கெட்டில் இருந்தன. தேவயானி குளித்துக்கொண்டிருந்தாள். வெளியே எடுத்தால் தேங்காய் உருளும். நாளைக்குத் துறை முழுக்கத் தெரியும், அடுத்த மாதம் நிர்வாகத்துக்கும் தெரியும்.

"அங்கன மேசைல வைங்க சார்," என்றேன்.

அவர் முகம் ஒரு நொடி புரியாமல் நின்று, பிறகு சுருங்கியது. அந்த அம்மா கணவரைப் பார்த்தார். தாம்பாளத்தை மேசைமேல், பசைப் புட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்தார். தேவயானி ஈரத்தலையோடு ஓடிவந்து காப்பி போட்டாள். ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். என் தம்ளரை நான் தொடவில்லை.

"இப்பத்தான் குடிச்சேன்" என்று சொன்னேன். அவர்கள் கேட்காமலே.

ஆகஸ்ட் 26

துறை அறைக்கு வெளியே நின்றபோது காதில் விழுந்தது. சுந்தரலிங்கத்தின் குரல்:

"வீடு தேடிப் போயி வைக்கிறோம். கையில கூட வாங்கல அந்த மனுசன். மேசைல வையிங்கிறாரு, கரென்ட் பில்லு மாதிரி. நான் பதவில இருக்கேன்னு அம்புட்டு வயித்தெரிச்சல்."

இல்லை என்று உள்ளே போய்ச் சொல்லலாம் என்று ஒரு அடி வைத்தேன். என்ன சொல்வது? கையைக் காட்டுவதா?

அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 27

துண்டு.

வைகாசி வெயிலில் இரண்டு கையிலும் எதற்குத் துண்டைச் சுற்றிக்கொண்டு நிற்பான் ஒருவன்?

செப்டம்பர் 12, வெள்ளி

சுந்தரலிங்கம் வீட்டுக் கல்யாணத்துக்கு தேவயானி மட்டும் போய்வந்தாள். எனக்குக் காய்ச்சல் என்று சொன்னாளாம். அவர் "அப்படியா" என்றாராம்.

சின்னமனூருக்கு, அண்ணனுக்குப் போன் செய்யலாம் என்று எடுத்து எடுத்து வைக்கிறேன். என் நினைப்பு தப்பாக இருந்தால்? அண்ணன் கை கல் மாதிரி நின்றால், அன்றைக்கு அவமானப்படுத்தியதும் உண்மை, எனக்கு வந்திருப்பதும் அந்த இரண்டாவது வியாதி. அண்ணன் கை நடுங்கினால் நான் பிழைத்தேன். கூடப் பிறந்தவன் கை நடுங்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிற நிலைமைக்கு வந்தாயிற்று.

இடது கையிலும் லேசாக வருகிறதோ?

செப்டம்பர் 29

தேவயானி: "ஆயுத பூஜைக்கு சின்னமனூர் போறேன். வாரீகளா, இல்ல அங்கயும் காய்ச்சல்னு சொல்லவா?"

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

கிளம்புவதற்கு முன் தேவயானி சந்தனக் கிண்ணத்தோடு அலமாரி முன் நின்றாள். போன வருஷம் கேட்காமலே ஒரு விமானத்தின் மூக்கில் பொட்டு வைத்துவிட்டு, என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள். கறை இன்னும் போகவில்லை. இன்று, "இதுக்கு?" என்றாள். டி.எம்.1-ஐத் திருப்பி அடிவயிற்றைக் காட்டினேன். இங்கன வை, வெளியே தெரியாது.

சின்னமனூரில் வாழைத் தோப்புக்குப் பக்கத்துக் கொட்டகையில் டிராக்டர், மோட்டார், மருந்தடிக்கும் எந்திரம், கடப்பாரை, அருவா எல்லாம் கழுவி வரிசையாக வைத்திருந்தது. எங்கள் வீட்டில் மூத்தவர்தான் பொட்டு வைக்கவேண்டும். வைத்து முடித்திருந்தார். நான் அருகே போய்ப் பார்த்தேன். ஒரு பொட்டும் வட்டமாக இல்லை. டிராக்டரின் நெற்றியில், மோட்டாரின் மூடியில், அருவாளில், எல்லாவற்றிலும் சந்தனமும் குங்குமமும் பக்கவாட்டில் இழுபட்டிருந்தன, ஓடுகிற வண்டியில் உட்கார்ந்து வைத்த மாதிரி.

அண்ணன் பின்னால் வந்து நின்றார். துண்டு தோளில் இருந்தது.

"என்னலே, சாமிக்குக் கூட மார்க் போடப் போறியா?"

"எத்தன வருசமாண்ணே?"

"எது?"

"கை."

கையை விரித்துக் காட்டினார். என்னுடையதைவிட அதிகமாக ஆடியது. அப்போது எனக்குள் ஒரு மூச்சு இறங்கியது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

"அது கெடக்கு, பத்துப் பன்னெண்டு வருசமா. மதுரைல காமிச்சாச்சு. சாகுற சீக்கு இல்லையாம். கையெழுத்து வராது, தாம்பாளம் தூக்க வராது, அம்புட்டுத்தான்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல."

"ஒம் பொண்டாட்டி பிள்ளைக முன்னாடியா? தேங்காய உருட்டி விட்டுட்டு, நடுங்குதுன்னு சொல்லச் சொல்றியா?" என்றார். பிறகு சிரித்தார். "கண்ணுக்குத் தெரியாத துகளையெல்லாம் பிடிக்கப் போறேன்னு பொட்டிப்புரத்துக்கு அலைஞ்ச பய. அண்ணன் கையப் பாத்து நீயே தெரிஞ்சுக்குவன்னு இருந்தேன்."

என் கையை நீட்டினேன். அவர் பார்த்தார். சிரிப்பு நின்றது. "ஏலே..." என்றார். தம் கையால் பிடித்துக்கொண்டார். இரண்டும் சேர்ந்து ஆடின. யாருடையது எது என்று தெரியவில்லை.

மதினி காப்பி கொண்டுவந்தார். அண்ணன் தம்ளரில் பாதிதான் இருந்தது. தளும்பாமல் இருக்க அவருக்கு எப்போதும் அப்படித்தானாம். என் தம்ளரிலும் பாதிதான் இருந்தது. தேவயானியைப் பார்த்தேன். அவள் டிராக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழு வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டுக் காப்பி. சீனி அதிகம்.

அக்டோபர் 6, திங்கள்

மதுரை. கேட்பதற்கு முன்பே சொன்னேன்: "ஒரு அண்ணன் உண்டு." டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "அன்னைக்கு இல்லைன்னீங்களே?" தேவயானி, "அன்னைக்கு இல்ல டாக்டர், இப்பத்தான் வந்தாக" என்றாள்.

முழு உறுதியாக இன்னும் சொல்லமாட்டாராம். ஆனால் மாத்திரையை மாற்றினார். இரண்டாவது பெயரை இன்று சொல்லவில்லை.

அக்டோபர் 8, புதன்

முன்சக்கரம் ஒட்டியாயிற்று. கொஞ்சம் கோணல். பூத்த கண்ணாடியை மாற்றவில்லை.

மத்தியானம் சுந்தரலிங்கத்தின் அறைக்குப் போனேன். உட்காரச் சொல்லவில்லை, நானே உட்கார்ந்தேன். மரியாதைக்கு ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்ற ஆரம்பித்தார்.

"பாதி போதும் சார்."

"ஏன், இப்பத்தான் குடிச்சீகளாக்கும்?"

கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து, அவர் மேசைமேல் வைத்தேன்.