கத்திரிச் செடிக்குப் போன டீ டிக்காசன்

நித்யஸ்ரீ,

விழிதியூர் வயலுக்குப் போறேன். பின்வாசல் சாவி என்கிட்ட.

ரெண்டு நாளா நீ என்கூட பேசல, டீயும் குடிக்காம வேலைக்குப் போற. நீ காய்ச்சி ஆற வச்ச மசாலா டீ டிக்காசனை, உரத்துக்கு வச்சிருந்த மீன் கரைசல்னு நினைச்சு கத்திரிச் செடிக்கு ஊத்தினது தப்புதான். அதே மாதிரி பாட்டில், அதே ஜன்னல். சளியில என் மூக்கும் வேலை செய்யல. அதுக்காக மாமா வேணும்னே கொட்டிட்டாருன்னு என் மகன்கிட்டயே சொல்லுவியா?

இன்னிக்கு நானே காய்ச்சி வச்சிருக்கேன். இஞ்சி, ஏலக்காய், பட்டை, கிராம்பு எல்லாம் என் கையால இடிச்சது. கடைப் பொடியை நம்ப முடியாது. பாதி டம்ளர் ஊத்தி, மீதிக்குச் சூடான பால் விடு. மிச்ச டிக்காசன் ஆறினதும் பிரிட்ஜில வை. பாட்டில்ல "டீ"ன்னு எழுதி ஒட்டியிருக்கேன்.

ஒரு வாரம் வச்சுக் குடிக்கிற டீயை நான் இன்னும் நம்பல. அது வேற பேச்சு.

மாமா

பாட்டில்ல ஒரு டம்ளர் குறையும். ருசி பாத்தேன், உன்னுது மாதிரி வரல. உன் டீ ருசி எனக்கு எப்படித் தெரியும்னு கேப்ப. போன வாரம் நீ இல்லாதப்ப பிரிட்ஜிலேருந்து எடுத்து ரெண்டு டம்ளர் குடிச்சேன். அதையா வேணும்னே கொட்டுவேன்?

எதைக் கூட்டிப் போட்டேன்னு சாயங்காலம் சொல்லு. திட்டியாவது சொல்லு.