கையோட ஒரு பித்தான்

டெய்லரம்மா,

அசந்து தூங்கறே, எழுப்ப மனசு வரல. சாப்பாடு அடுப்பு மேல மூடி வச்சிருக்கேன். வீட்டுச் சாவி கத்தரிக்கோல் பக்கத்துல இருக்கு, அங்க வச்சாத்தான் உன் கண்ணுல படும்.

நேத்து "நீ அந்த மெஷினையே கட்டிக்கிட்டிருக்கலாம்"னு கத்தினது தப்புதான். ஆனா யார் துணி கொண்டு வந்தாலும் "கையோட முடிச்சுத் தர்றேன்"ங்கறியே, உனக்கு இருக்கறது ரெண்டே கை.

இன்னைக்குக் கல்யாணப் பொண்ணு துணியை மட்டும் தை. நாளைக்கு அவ அதைப் போட்டுக்கணும். பிள்ளைங்க யூனிஃபார்ம் பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள முடிஞ்சா போதும். மாடி வீட்டுக்காரர் பேன்ட் ஜிப்பை அடுத்த வாரம் பார்க்கலாம். நீ அதைச் சொல்ல மாட்டியேன்னு நானே படியேறிப் போய்ச் சொல்லிட்டேன். "அதுக்கென்ன, வேற பேன்ட் இருக்கே"ன்னு சிரிக்கிறார். இதுக்கா நீ சாப்பிடாம உட்கார்ந்திருந்தே?

பஸ்ஸை டிப்போல விட்டுட்டு வந்ததும் பித்தான் வேலையெல்லாம் நான் பார்த்துக்கறேன்.

(இடம் இல்ல, ஓரத்துல எழுதறேன்) முதல்ல என் காக்கிச் சட்டைப் பித்தான். போன மாசம் நீ "கையோட" தைக்கறேன்னு சொன்னது. அவசரமில்ல, இன்னைக்கும் ஊக்கு குத்திக்கிட்டுத்தான் கிளம்பறேன்.